இரண்டாவது ஆட்டம்

களியக்காவிளை தாண்டி வந்த சுகதன்
காப்பி வேண்டாம் என்றார்.
நேரே வண்டியின் இடது முன்மூலைக்குப் போய்
உள்ளங்கையை வைத்து
ஒரே அமுக்கு.

மூக்கு தாழ்ந்தது, எழுந்தது.
நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல்
இன்னொரு தடவை
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தது போல
லேசாகத் தாழ்ந்து எழுந்தது.

"ரெண்டு" என்றார்.

இரண்டு சீட்டு, கழற்றும் கூரை,
தொண்ணூற்றொன்பதில் கோவாவில் வார்த்த பைபர் உடம்பு.
குளச்சலில் வள்ளம் ஒட்டும் டென்னிஸ்தான்
இதன் கீறலையும் ஒட்டித் தருவார்.
"இதுக்கு எதுக்கு எஞ்சினு, துடுப்பு போதுமே" என்பார்.
உடம்பு துருப்பிடிக்காது.
பிடிப்பதெல்லாம் அடியில்.

நகைச்சீட்டு முடிந்த காசில் வாங்கினேன் அந்த நான்கையும்.
என் காதுக்கு ஒன்றுமில்லை, வண்டியின் காலுக்கு நீலச் சுருள்,
தங்க நிறத் திருகுவளையம்,
முப்பத்திரண்டு படி வைத்த குமிழ்.
ஆயுள் முழுக்க என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது.
யாருடைய ஆயுள் என்று இல்லை.

முதல் வருஷம் ஸ்பேனர் வைத்தால் வளையம் சுற்றியது.
இரண்டாம் வருஷம் எண்ணெய் கேட்டது.
மூன்றாம் வருஷம்
முட்டத்துக் காற்று திருகுப் பள்ளமெல்லாம்
வெள்ளைப் பொடி அடைத்து வைத்திருந்தது.
இனி இறக்கவும் முடியாது ஏற்றவும் முடியாது.
குமிழ் மட்டும் இன்றைக்கும் சுற்றும்,
டிக் டிக் என்று, முப்பத்திரண்டு வரைக்கும்.
உள்ளே ஏழு.
எப்போதும் ஏழு.

புஷ் மட்டும் மாற்றவில்லை.
பிளாஸ்டிக் போடு, தேயவே தேயாது என்றார்கள்.
குலசேகரத்தில் ரப்பர் வெட்டிய பணத்தில்
படித்தவள் நான்.
எனக்கும் ஒரு ரோஷம் இருக்காதா?

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் ஒவ்வொரு இணைப்பும்
இடுப்பில் ஒரு தட்டுத் தட்டிக் கேட்கும்,
யார் சொல்லி இதைப் போட்டாய்?
நான் பதில் சொன்னதில்லை.
ஆரல்வாய்மொழி வளைவில்
பக்கக்காற்று தள்ளத் தள்ள
கோடு மாறாமல் வண்டி போகும்.
அதுதான் பதில் என்று வைத்துக்கொள்வேன்.

அழகியமண்டபம் ரசல்ராஜ்
போன மழைக்கு முன் டார்ச்சோடு அடியில் படுத்தவர்
வெகுநேரம் பேசவில்லை.
பிறகு கால் மட்டும் வெளியே தெரியச் சொன்னார்:
"ஷாக்கு நல்லாத்தான் இருக்கு.
அதைப் பிடிச்சிருக்க கோப்பைதான் கீறிருக்கு."
பற்றவைத்த தழும்பு அங்கே உண்டு.
சுகதன் குனிந்தால் பார்க்கலாம்.
குனிந்தார்.
பார்த்தார்.

"எத்தனை கிலோமீட்டர் ஆச்சு போட்டு?"
நோட்டை நீட்டினேன்.
பேங்கில் வேலை; எழுதாமல் இருக்கத் தெரியாது.
இருபத்தாறாயிரத்து நானூறு.
கசிவு, கிரீஸ், கீச்சென்ற சத்தம்,
சத்தம் வந்த தேதி,
சத்தம் தானாக நின்றுபோய்
நான் பயந்த தேதி.

அவர் வலப்பக்கம் வந்து அமுக்கினார்.
தாழ்ந்தது, எழுந்தது, நின்றது.
"ஒண்ணு. இந்தப் பக்கம் டிரைவர் வெயிட்டு.
அந்தப் பக்கம் ஆரு இருந்தா, இத்தனை தேஞ்சு போவ?"

யாரும் இல்லை என்றேன்.
ரோட்டோரக் குழியெல்லாம்
இடது சக்கரத்துக்குத்தானே.

தலையாட்டினார்.
காலி சீட்டை ஒரு நிமிஷம் பார்த்தார்.
இருபதாயிரம் குறைத்துச் சொன்னார்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்,
சொல்லப் போவதில்லை என்று
அவருக்கும் தெரிந்திருக்கும்.

தெருமுனை வேகத்தடையில்
அவருடைய பெரிய வெள்ளைக் கார் ஏறி இறங்கியது.
கேட்டில் கை வைத்தபடி எண்ணினேன்.

மூன்று.